இடது கையின் வரி

ஜனவரி 28, ஞாயிறு

மகள் ஹெப்சி புனேயிலிருந்து அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே அவளுடைய பழைய லேப்டாப்பும் பியானோ மாதிரிக் கட்டைகள் வைத்த ஒரு நீளமான கீபோர்டும் இருந்தன. அந்தக் கீபோர்டு தானாகச் சத்தம் போடாது. ஒரு வயரால் லேப்டாப்போடு இணைத்துவிட்டு வாசித்தால், வாசித்ததெல்லாம் ஸ்டாஃப் நொட்டேஷனாக, ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறிப்பாக, திரையில் வந்து உட்காருமாம். அவள் போனில் சொல்லச் சொல்ல நான் வயரை மாட்டினேன். இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

இது வருவதற்குக் காரணம் போன கிறிஸ்மஸ். இவர் கையால் எழுதிக் கொடுத்த பாட்டைச் சபையின் பாடகர் குழுவான கொயரில் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. முன்பெல்லாம் இவர் போடும் நோட்டு, அதாவது சுரக்குறி, குண்டு குண்டாக இருக்கும். இப்போது எறும்பு சைஸ். பக்கத்தின் அடிக்குப் போகப் போக எறும்பும் இல்லை, வெறும் பொடி. ஆல்ட்டோ என்கிற தாழ்ந்த பெண்குரல் பாடுகிறவர்கள் பூதக்கண்ணாடி கேட்டார்கள். "பேப்பர மிச்சம் பிடிக்கேன்" என்று சொல்லிவிட்டார். பாளையங்கோட்டையில் பேப்பருக்கா பஞ்சம்?

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த நாட்குறிப்பில் ஆசீர் என்று நான் எழுதியதே இல்லை, இவர்தான். இவர் மின்வாரிய வேலையிலிருந்து ரிட்டயராகிவிட்டார். சபையில் ஆர்கன் வாசிப்பதும் கொயர் நடத்துவதும் இன்னும் நடக்கிறது. நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி மூடியவள். ஆகவே வாசிப்பது இவர், திருத்தி அடித்து முடிப்பது நான் என்று ஏற்பாடு.

"ஏட்டி, மூடுன இன்ஸ்டிடியூட்ட வீட்டுக்குள்ளேயே தொறந்துட்டியா?"

"ஆமா. மொத ஸ்டூடண்ட் நீங்கதான். லேட்டா வந்தா வெளிய நிக்கணும்."

ஜனவரி 31, புதன்

முதல் பதிவு. தூக்கத்திலும் வாசிக்கக்கூடிய ஒரு சாதாரண ஞாயிறு ராகத்தைத்தான் இவர் வாசித்தார். திரையில் வந்ததைப் பார்த்து இரண்டு பேரும் பயந்துவிட்டோம். துண்டு துண்டாக நோட்டு, அவற்றுக்கு நடுவே குட்டிக் குட்டி ரெஸ்ட். ரெஸ்ட் என்பது இந்த இடத்தில் சும்மா இரு என்று சொல்லும் அடையாளம். பக்கம் முழுக்க அரிசியும் நொய்யுமாகக் கொட்டிக் கிடந்தது.

"அம்மா, அது வெரல் எப்ப விழுதோ அப்படியே எழுதும். மயிரிழை லேட்டானா அந்த மயிரிழையையும் எழுதும். கிட்ட இருக்க தாளத் தட்டுக்கு ரவுண்டு பண்ணச் சொல்லி அதுக்குச் சொல்லணும்" என்றாள் ஹெப்சி. சொன்னேன். பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது. கிட்டத்தட்ட என்ற வார்த்தை மிஷினுக்குத் தானாகத் தெரியாது, நாம்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

பின்னால் மிஷின் தாளத்துக்கு அடிக்கும் டிக் டிக் ரொம்ப வேகமாக ஓடுகிறது என்று இவர் குறை சொன்னார்.

"அது மிஷின் அத்தான், ஓடாது. நீங்கதான் மெல்ல நடக்கிய."

பிப்ரவரி 3, சனி

சாளைமீன் குழம்பு அடிப்பிடித்துத் தீய்ந்துவிட்டது. நான் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் அடுப்படிக்கு அடுத்த அறையில்தான் கீபோர்டு முன்னால் இருந்தார். தெருவரைக்கும் அடிக்கிற நாற்றம். "வாடையே வரலியே" என்கிறார். பாட்டுக் கட்டுகிறவர்களுக்கு மூக்கு வேலை செய்யாது போலிருக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

சபையில் கமிட்டி கூடியது. பெரிய வெள்ளியன்று பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை நடக்கும் மும்மணி ஆராதனைக்கு இந்த வருஷம் லெஸ்லி ஆர்கன் வாசிக்கட்டுமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். லெஸ்லி பேங்கில் இருக்கிற பையன், கொயரில் ஆண்களின் மேல்குரலான டெனர் பாடுகிறான், கையும் நன்றாக ஓடும். சார் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று பவ்யமாகத்தான் சொன்னார்களாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும் முன்பே இவர் சொன்னார்.

"நான் ஒரு புதுப் பாட்டு கெட்டப் போறேன், பியூலா. அஞ்சாம் வார்த்தைக்கு. அத நாந்தான் வாசிப்பேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சிலுவையில் தொங்கியவர் சொன்ன ஏழு வார்த்தைகளில் தாகம் என்று சொன்னதுதான் ஐந்தாவது. பாட்டின் முதல் வரியும் ரெடியாக இருந்தது: நீர் கேட்டவர்க்குக் காடி கொடுத்தோம். காடி என்பது அவருக்குக் குடிக்கக் கொடுத்த புளித்த திராட்சரசம். எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்த மனிதரையா ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள்? கமிட்டிக்காரர்கள் மூஞ்சியில் கரியைப் பூசுகிற மாதிரி இவர் வாசிக்க வேண்டும். நான் இந்த வருஷம் லெந்து என்கிற நாற்பது தவநாட்களில் ஜெபிக்கப்போவது அது ஒன்றுக்குத்தான்.

பிப்ரவரி 9, வெள்ளி

கீபோர்டின் இடது பாதியில் கோளாறு. கீழ் நோட்டுகள் சில பதிவாகவே இல்லை, பதிவானதும் மெலிந்து கிடக்கிறது. எவ்வளவு அழுத்தி அடித்தோம் என்பதையும் இந்த மென்பொருள் கோடு போட்டுக் காட்டும். வலது கைக் கோடெல்லாம் தென்னை உயரம், இடது கைக் கோடு கோரைப்புல். பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டாயே என்று ஹெப்சியைப் பிடித்துக் காய்ச்சினேன். "நீங்க ஒவ்வொரு கட்டையா அமுக்கிப் பாருங்கம்மா" என்றாள். ஒரே விரலால் வரிசையாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தது.

இப்போது சரியாகிவிட்டது போல. ஈரப்பதமாக இருக்கும்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன், லெந்து ஆரம்பம். கோயிலுக்குப் போகும்போதுதான் பார்த்தேன், இவருடைய இடது செருப்பு முன்பக்கம் மட்டும் தேய்ந்து நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. வாங்கி அதிக நாளாகவில்லை. காலைத் தூக்கி வைத்து நடக்கச் சொன்னேன். வழியெல்லாம் இடது கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டபடியே வந்தார். வர வர ஸ்டைல்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பதிவு செய்யும்போது நான் அறையில் இருக்கக் கூடாதாம். முடித்துவிட்டுக் கூப்பிடுகிறார், நான் போய்த் திருத்துகிறேன்.

பாட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். மூன்று சரணம். இப்படி ஒன்றை இவர் இதுவரை கட்டியதில்லை. நாலு குரலும் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகுகிறது, தண்ணீரை உதட்டுக்குக் கிட்டே கொண்டுவந்து எடுத்துவிடுகிற மாதிரி. கூட்டிப் பெருக்கும்போதும் எனக்கு அது காதில் ஓடுகிறது.

ஆனால் இடது கையில் ஏகப்பட்ட நோட்டு விட்டுப்போயிருக்கிறது. முதல் சரணத்தில் அங்கங்கே. இரண்டாவதில் பாதி. மூன்றாவது சரணத்தில் கீழ் வரி முழுக்கக் காலி. அவசரத்தில் அடிக்கிறவர்கள் தாளில் எழுத்து விட்டுப்போவதை ஆயுசு பூராவும் பார்த்தவள் நான். எது விட்டது, அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிடுவேன். பாஸ் என்கிற ஆண்களின் அடிக்குரல் என்ன பாடுகிறதோ அதையே கொஞ்சம் கீழே இறக்கி, முதல் சரணத்தில் கை போன வழியைப் பார்த்து, ஒவ்வொரு நோட்டாக உட்கார்ந்து நிரப்பினேன். லேப்டாப்பில் எண் பொத்தானை அமுக்கி நோட்டின் நீளத்தைச் சொல்ல வேண்டும், பிறகு சுரத்தைச் சொல்ல வேண்டும். டைப் அடிப்பது போலத்தான்.

இவரிடம் சொல்லவில்லை. விட்டுப்போனது என்று தெரிந்தால் மனசு சங்கடப்படும்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வீடியோ காலில் ஹெப்சி கேட்டாள், "அப்பா ஏம்மா சிரிக்கவே மாட்டேங்காங்க? மூஞ்சிய உம்முனு வச்சிருக்காங்க." லெந்து நாளில் என்ன சிரிப்பு என்று சொன்னேன். இவர் ஏதோ பதில் சொன்னார், குரல் எங்களுக்கு எட்டவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

முழுப் பாட்டையும் லேப்டாப்பில் ஓடவிட்டுக் கேட்கக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றுவிட்டார். "நான் கெட்டுன பாட்ட மிஷின் வாசிக்க, அதை நான் உக்காந்து கேக்கவா? போ, ஏட்டி." சரி, வறட்டுக் கௌரவம். நான் மட்டும் கேட்டேன். பிசிறே இல்லை. இவர் வாசித்தால் இதைவிட நன்றாக இருக்கும்.

மார்ச் 8, வெள்ளி

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, கொயர் பயிற்சிக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அத்தனை பேர் முகமும் மலர்ந்தது. "ஆன்ட்டி, புஸ்தகத்துல அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றான் லெஸ்லி. பெருமையாகத்தான் இருந்தது.

இவர் ஆர்கனில் உட்கார்ந்து தாளை விரித்தார். பார்த்தார். அடுத்த பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். பிறகு ஆர்கன் மூடியை இறக்கிவிட்டு, "இன்னைக்கு ஆர்கன் வேண்டாம். வெறும் வாயால பாடிப் பாருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரவில்லை.

"கீழ் வரியில அந்த நோட்டெல்லாம் யாரு போட்டா?"

"நாந்தான். நீங்க விட்டுட்டிய. பாஸ் பார்ட்டப் பாத்துப் போட்டேன். தப்பா இருக்கா?"

"தப்பு இல்ல. நானும் அதத்தான் போட்டிருப்பேன்."

"பெறகென்ன?"

"விட்டுப்போகல பியூலா. நானா விட்டது. இந்தக் கையால எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் எழுதுனேன். கடைசிச் சரணத்துக்கு வரும்போது ஒண்ணும் முடியாதுன்னு தெரியும். ஒத்தக் கையால வாசிக்கத் தோதா கெட்டுனேன்."

பாக்கெட்டிலிருந்து இடது கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிடித்துக்கொள்ளவில்லை, அப்படியே விட்டார். அது ஆடியது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாத்திரை உருட்டுகிற மாதிரி ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன. ஃபேன் ஓடவில்லை.

பென்ஷன் ஆபீசுக்கு என்று போன நவம்பரில் சொல்லிவிட்டுப் போனது டாக்டரிடமாம். அன்றைக்கே டாக்டர் நோயின் பேரைச் சொல்லிவிட்டாராம். மாத்திரையைச் சபையில் ஆர்கன் பெஞ்சுக்குள்ளே வைத்திருக்கிறார், என் கண்ணில் படாத இடம் அது ஒன்றுதானே. அந்தப் பேரை என்னிடம் சொன்னார். நான் இங்கே எழுதப்போவதில்லை.

மார்ச் 9, சனி

எழுத ஒன்றுமில்லை. போர்வையெல்லாம் ஊறவைத்துத் துவைத்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

எனக்குக் கோபம். அழுகை வரும் என்று பார்த்தால் கோபம்தான் வருகிறது. நவம்பரிலிருந்து ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறோம். அந்த மனிதர் கையைப் பாக்கெட்டில் விட்டு மறைத்திருக்கிறார், நான் அதைப் பார்த்து ஸ்டைல் என்று எழுதியிருக்கிறேன். இவர்மேல் கோபமா என்மேல் கோபமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்தோம். நான் நிரப்பியதையெல்லாம் நானே அழித்தேன். இவர் பக்கத்தில் இருந்தார். ஒவ்வொரு நோட்டை அழிக்கும்போதும் அந்த இடத்தில் ஒரு ரெஸ்ட் வந்து உட்கார்ந்தது. மூன்றாம் சரணத்தின் கீழ் வரி பூராவும் ரெஸ்ட்.

"அதையும் அழி."

"அழியாது. தட்டுக் கணக்குச் சரியா வரணும்லா, அதனால அது எடத்த வெறுமையா விடாது. வேணும்னா கண்ணுக்குத் தெரியாம மறைக்கலாம்."

"அப்ப மறை. கீழ் வரியே இல்லாம அடி. அங்க ஒரு கை இருந்துச்சுன்னே யாருக்கும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா கமிட்டி லெஸ்லியக் கூப்பிட்டு உக்கார வச்சிரும்."

"நீங்க மறைச்சது போதாதா?"

சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். இவர் எழுந்து செருப்பை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் மறைக்கவும் இல்லை, பிரிண்ட் எடுக்கவும் இல்லை.

மார்ச் 18, திங்கள்

டாக்டரிடம் நானும் போனேன். வயதில் சின்னவர், பொறுமையாகப் பேசினார். மாத்திரை போட்டால் சில மணி நேரம் கை சொன்னபடி கேட்கும், மாத்திரையின் வேகம் இறங்கினால் கேட்காது. போகப் போக அந்த நேரம் குறையும். வலது பக்கமும் வரும். எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிட்டார்.

"எப்பயிருந்து வித்தியாசம் பாத்தீங்கம்மா? எழுத்து சின்னதாச்சா? வாசனை தெரியாமப் போச்சா? காலை இழுத்தாங்களா?"

தெரியாது என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து இந்த நாட்குறிப்பின் முன்பக்கங்களைப் புரட்டவில்லை. என்ன இருக்கிறது என்று தெரியும்.

பெரிய வெள்ளிக்குத் திட்டம் போட்டாயிற்று. ஐந்தாம் வார்த்தை இரண்டு மணிவாக்கில் வரும். அதற்குக் கணக்காக மாத்திரை. வலது கை தாங்கும். நான் பக்கம் திருப்ப ஆர்கன் பக்கத்திலேயே நிற்பேன்.

மார்ச் 22, வெள்ளி

காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "மறைக்க வேண்டாம். இருக்கட்டும்" என்றார். அந்த ரெஸ்ட்டைத்தான் சொன்னார். போய்ப் புதிதாகப் பிரிண்ட் எடுத்தேன்.

பயிற்சிக்குக் கொயர் வந்ததும் தாளைக் கொடுத்துவிட்டு இவரே பேசினார். குரல் மெல்லியதாக இருந்ததால் எல்லோரும் கிட்டே வந்து நின்றார்கள்.

"இந்தப் பாட்டுல எடது கைக்கு வேல குறைவு. கடைசியில வேலையே இல்ல. ஏன்னு கேக்கணும்னா என்ட்ட கேளுங்க. பியூலாட்ட கேக்க வேண்டாம்." அப்புறம் கையைத் தூக்கிக் காட்டினார். ஆடியது. ஆல்ட்டோவில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லெஸ்லிதான் முதலில் பேசினான். "அங்கிள், நான் வேணா பக்கத்துல உக்காந்து கீழ் பார்ட்ட வாசிக்கட்டா? நீங்க மேல வாசிங்க. மொத பிரிண்ட்டு எங்கிட்ட இருக்கு."

நல்ல பையன். அவனை நான் என்னவெல்லாமோ நினைத்திருக்கிறேன். எனக்குச் சரி என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.

"அங்க வாசிக்க ஒண்ணுமில்ல தம்பி" என்றார் இவர். "இப்படித்தான் எழுதியிருக்கேன்."

ஒற்றைக் கையால் வாசித்தார். கடைசிச் சரணத்தில் ஆர்கன் மெலிந்து குரல்கள் மேலே வந்தன. நான் நிரப்பிய நோட்டோடு கேட்டதைவிட இதுதான் பாட்டு. எனக்கு வெட்கமாக இருந்தது.

கமிட்டிக்கும் தெரிந்துவிட்டது. இந்த ஒரு தடவை சாரே வாசிக்கட்டும் என்றார்களாம். அந்த ஒரு தடவை என்ற வார்த்தை என் காதில் தனியாக விழுந்தது.

மார்ச் 24, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. ஓலையில் சிலுவை முடையத் தெரிந்தவர் இவர். இந்த வருஷம் நான் முடைந்தேன். கோணலாக வந்தது. அதையே அலமாரியில் குத்தி வைத்திருக்கிறோம்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

கோயில் நிரம்பி, வெளியே பந்தலிலும் ஜனம். போட்ட திட்டப்படி மாத்திரை கொடுத்தேன். வார்த்தைக்கு ஒரு பிரசங்கமும் பாட்டுமாக, முதல் மூன்றும் நேரத்துக்கு முடிந்தன. நாலாம் வார்த்தைக்கு வந்த பிரசங்கியார் வெளியூர்க்காரர். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பித்தார். நான் ஆர்கன் பக்கத்தில் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், இவர் கையைப் பார்த்தேன். இன்னொரு மாத்திரை போட்டாலும் அது ஏற நேரமாகும். ஆண்டவரே, அந்த மனுஷனை உட்காரச் செய்யும் என்று சிலுவைத் தியானத்தின் நடுவில் ஜெபித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐந்தாம் வார்த்தை வந்தபோது இடது கை மடியில் துள்ளிக்கொண்டிருந்தது. வலது கையைக் கட்டைமேல் வைத்தார். முதல் சரணம் ஒழுங்காக வந்தது. இரண்டாவதில் விரல்கள் பின்தங்கின. கொயர் அதைப் புரிந்துகொண்டு அவருக்காகக் காத்துக் காத்துப் பாடியது. லெஸ்லி தாளைப் பார்க்காமல் இவரையே பார்த்துப் பாடினான். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

மூன்றாம் சரணத்தின் நடுவில் வலது கை நின்றுவிட்டது. கட்டைக்கு மேலே, தொடாமல், அப்படியே நின்றது. இவர் முகத்தில் ஒன்றுமில்லை. கண் மட்டும் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்கன் சத்தம் அடங்கியது. பாஸ் குரல்கள் ஒரு கணம் தடுமாறின, பிறகு பிடித்துக்கொண்டன. நாலு குரலும் வெறும் வாயால் கடைசி வரியைப் பாடி, தண்ணீர் கேட்ட இடத்திலேயே நிறுத்தின. கோயிலில் ஒரு இருமல் இல்லை.

நான் பக்கம் திருப்பிய கையால் இவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். என் கையும் சேர்ந்து ஆடியது.

வெளியே வரும்போது எங்கள் போதகரின் மனைவி ஐயரம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "கடைசியில ஆர்கன நிறுத்திட்டு வெறும் கொரலா விட்டீங்களே, உடம்பெல்லாம் புல்லரிச்சிட்டு. சார் மூளையே மூளைதான்" என்றார். இவர் தலையை மட்டும் அசைத்தார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் கஞ்சி குடித்தோம். இவருக்கு பார்க்கின்சன். எழுதிவிட்டேன். இனிமேல் இவர் ஆர்கன் வாசிக்கப்போவதில்லை. அதையும் எழுதிவிட்டேன்.

"லேப்டாப்பத் தொற" என்றார்.

திறந்தேன். கடைசிப் பக்கத்தை எடுக்கச் சொன்னார். வலது கை நின்ற இடத்தை விரலால் காட்டினார். விரல் ஆடியதால் எந்த நோட்டு என்று தெரியவில்லை. எனக்கே தெரியும் என்று சொன்னேன்.

"அங்கயிருந்து அழி."

"ஏன் அத்தான்? அது நல்லாத்தான இருக்கு. லெஸ்லி வாசிப்பான்."

"இன்னைக்கு எப்படி வந்துச்சோ அப்படி எழுது."

ஒவ்வொன்றாக அழித்தேன். எழுத்துப் பிழை திருத்துகிற கை எனக்கு, இப்படி அழிக்க வரவில்லை. மெதுவாகத்தான் செய்தேன். ஒவ்வொரு நோட்டும் போனதும் ரெஸ்ட் வந்தது. ஆர்கனின் மேல் வரியிலும் கீழ் வரியிலும் ரெஸ்ட், நடுவில் யாரும் இல்லை. மேலே நாலு குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"மறைக்கணுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்."

சேமித்தேன். அடுத்த பெரிய வெள்ளிக்கு யார் வாசித்தாலும், அந்த இடம் வந்ததும் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொயர் பாடி முடிக்கிறவரைக்கும் காத்திருக்க வேண்டும்.